பொய்தானே என்று கேட்பவர்களுக்கு

ரெஸ்லிங் வீடியோ ஒன்றை நண்பர்கள் குழுவில் போட்டுப் பாருங்கள். ஐந்து நிமிஷத்துக்குள் ஒருத்தர் வந்து நிற்பார். "அதெல்லாம் பொய்தானே பாஸ்?" வீடியோ இருபது நிமிஷம் ஓடக்கூடியது. அவர் பார்த்திருக்க வழியே இல்லை. தீர்ப்பு மட்டும் வந்துவிடும்.

இந்தத் தீர்ப்பு எங்கே பிறந்தது என்று நமக்குத் தெரியும். டபிள்யூ.டபிள்யூ.இ. டிரம்ப் கார்டு வைத்து விளையாடிய தலைமுறை இது. உயரம், எடை, ரேங்க் என்று சொல்லிச் சொல்லிப் பக்கத்து வீட்டுப் பையனிடம் கார்டு பிடுங்கி வளர்ந்தவர்கள். அண்டர்டேக்கருக்கு ஏழு உயிர் என்று வகுப்பில் சத்தியம் பண்ணியவர்கள். அப்புறம் பன்னிரண்டு வயசில் யாரோ ஒரு அண்ணன் "எல்லாம் முன்னாடியே பேசி வெச்சுக்கிறதுடா" என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு வந்த ஏமாற்றத்தை இவர்கள் இன்னமும் அறிவு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

சரி, பேசி வெச்சுக்கிறதுதான். யார் ஜெயிப்பது என்று முன்கூட்டியே முடிவாகிவிடுகிறது. இப்போது யாரும் அதை ஒளித்துவைப்பதுகூட இல்லை. அதுக்கு என்ன? இதே ஆள் சினிமா தியேட்டரில் உட்கார்ந்து "கயிறு கட்டித்தானே தூக்குறாங்க" என்று கேட்பதில்லை. கூத்தில் துச்சாதனன் வேஷக்காரர் சேலையைப் பிடித்து இழுக்கும்போது "நிஜமாவா உருவுறாரு?" என்று யாரும் எழுந்து நின்றதில்லை. ரெஸ்லிங்குக்கு மட்டும் இந்தக் கேள்வி ஏன்?

என் கட்சி இதுதான்: "பொய்தானே" என்பது வெறும் ரசனைக் குறைவு இல்லை. அது நிறைய பேருக்கு வசதியாக இருந்த கேள்வி. இங்கிலாந்தில் அந்த வசதிக்கு விலை கொடுத்தவர்களில் பதினாறு, பதினேழு வயசுப் பிள்ளைகளும் உண்டு. இதைப் புரிந்துகொள்ள பிரிட்டனின் ரெஸ்லிங்கைப் பார்க்கத் தொடங்குவதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. அதுவும் பெரிய கம்பெனியின் கையில் இல்லாத, சின்ன அரங்குகளில் எடுத்த வீடியோக்களை.

*

டபிள்யூ.டபிள்யூ.இ. பார்த்துப் பழகிய கண்ணுக்கு முதல் பிரிட்டிஷ் வீடியோ விநோதமாக இருக்கும். ஐம்பது வருஷத்துக்கு முந்தைய தொலைக்காட்சிப் பதிவு ஒன்றில் தொடங்குங்கள். ஜானி செயின்ட், ஸ்டீவ் கிரே இருவரும் மோதியது நிறைய கிடைக்கிறது. பட்டாசு இல்லை. நுழைவுப் பாட்டு இல்லை. நகரசபை மண்டபம் மாதிரி ஒரு இடம். கோட்டு போட்ட ஆண்கள், தலைமுடி சுருட்டிய பாட்டிமார்கள். கேமரா ஒரு இடத்தில் பொறுமையாக நிற்கிறது. இரண்டு ஒல்லி மனிதர்கள் கைகுலுக்கிக்கொண்டு தொடங்குகிறார்கள்.

ஒருவர் மற்றவரின் மணிக்கட்டைப் பிடித்து முறுக்குகிறார். முறுக்கப்பட்டவர் வலியில் முகம் சுளிக்கிறார். கையைப் பார்க்கிறார். யோசிக்கிறார். முறுக்கு போகிற திசையிலேயே ஒரு குட்டிக்கரணம் அடித்து, படுத்த வாக்கில் இன்னொரு சுற்று சுற்றி எழும்போது முறுக்கு அவிழ்ந்திருக்கிறது. இப்போது மணிக்கட்டு எதிராளியுடையது. கூட்டம் கைதட்டுகிறது. தட்டுவது ஜெயித்ததற்காக இல்லை. முடிச்சை அவிழ்த்த அழகுக்காக. செயின்ட் சில சமயம் கோதா நடுவில் உட்கார்ந்து கை, கால், தலை எல்லாவற்றையும் உள்ளே இழுத்துப் பந்துபோல் சுருண்டுகொள்வார். எதிராளி சுற்றிச்சுற்றி வருவார். எங்கே பிடிப்பது? பிடிக்க ஒன்றுமே இல்லை. கடைசியில் பந்துக்குள்ளிருந்து ஒரு கை வெளியே வரும். அதைப் பிடித்தவர் அடுத்த நொடி தலைகீழாக விழுந்திருப்பார்.

இந்தப் பாணிக்குப் பின்னால் ஒரு விதிப் புத்தகம் இருக்கிறது. 1930களில் பிரிட்டனில் ஆல்-இன் ரெஸ்லிங் என்று ஒன்று ஓடியது. நாற்காலி, ரத்தம், குழப்பம் எல்லாம் உண்டு. அது கெட்ட பெயர் வாங்கிப் படுத்துவிட்டது. போருக்குப் பிறகு 1940களின் கடைசியில் கடற்படைத் தளபதியாக இருந்த மவுன்டெவன்ஸ் பிரபுவின் பெயரில் ஒரு குழு விதிகளை எழுதியது. எடைப் பிரிவுகள் வந்தன. ரவுண்டுகள் வந்தன. மூன்றில் இரண்டு முறை வீழ்த்தினால்தான் வெற்றி. தப்பாட்டம் ஆடினால் பகிரங்க எச்சரிக்கை. மூன்றாவது தடவை வெளியே போ. பிடியை விட்ட பிறகு கீழே கிடப்பவனைப் போய் அடிக்கக் கூடாது. நடுவர் எண்ணத் தொடங்குவார், நீ ஒதுங்கி நிற்கணும்.

முடிவு முன்பே தெரிந்த ஆட்டத்துக்கு எதற்கு இத்தனை விதி? இங்கேதான் விஷயம் இருக்கிறது. விதி இருந்தால்தான் மீறல் தெரியும். எல்லாரும் நாற்காலியால் அடித்துக்கொள்ளும் இடத்தில் நாற்காலிக்கு மதிப்பு இல்லை. கீழே கிடப்பவனை அடிக்கக் கூடாது என்று எல்லாருக்கும் தெரிந்த அரங்கில், நடுவர் அந்தப் பக்கம் திரும்பியதும் ஒருவன் லேசாகக் கழுத்தில் மிதித்தால் போதும். ஊரே எழுந்து நின்று கத்தும். மிக் மெக்மேனஸ் என்ற குள்ளமான, கறுப்புச் சாயம் பூசிய தலையோடு திரிந்த வில்லன் முப்பது வருஷம் பிழைத்தது இப்படித்தான். அவர் பெரிதாக எதுவும் செய்யவில்லை. விதியின் ஓரத்திலேயே நடந்தார். ரிங்குக்குப் பக்கத்தில் பாட்டிகள் கைப்பையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

*

நிஜம் வேண்டும் என்கிறவர்களுக்கு நிஜமாக நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அதிலும் நம்ம ஊர்ப் பக்கத்து ஆள் இருக்கிறார். 1910 செப்டம்பர் 10. லண்டன் ஷெப்பர்ட்ஸ் புஷ் மைதானம். அம்ரித்சர் பக்கம் பிறந்த காமா பயில்வானும் போலந்தின் ஸ்டானிஸ்லாஸ் ஸ்பிஷ்கோவும் மோதினார்கள். பேசி வைத்துக்கொண்டது இல்லை. முதல் நிமிஷத்திலேயே காமா ஸ்பிஷ்கோவைக் கீழே தள்ளிவிட்டார். ஸ்பிஷ்கோ என்ன செய்தார் தெரியுமா? குப்புறப் படுத்துக்கொண்டார். தோள் தரையில் பட்டால்தானே தோல்வி? எழுந்திருக்கவே இல்லை. இரண்டரை மணி நேரத்துக்கும் மேலாக இது நடந்தது. ஒருவர் படுத்திருக்கிறார், இன்னொருவர் புரட்டப் பார்க்கிறார். இருட்டிப்போய் முடிவில்லாமல் நிறுத்தினார்கள். ஒரு வாரம் கழித்து மறுஆட்டம் என்றார்கள். ஸ்பிஷ்கோ வரவேயில்லை.

காமாவின் பெருமைக்கு இதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் டிக்கெட் வாங்கியவன் பார்த்தது ஒரு முதுகை. தொழில்முறை ரெஸ்லிங் ஏன் நாடகத்தின் பக்கம் சாய்ந்தது என்பதற்குப் பெரிய சதித்திட்டக் கதையெல்லாம் தேவையில்லை. இந்த ஒரு மாலை போதும். நிஜம் சில சமயம் இரண்டரை மணி நேரம் குப்புறப் படுத்திருக்கும்.

அதற்காக பிரிட்டிஷ் ரெஸ்லிங்குக்குள் நிஜம் செத்துவிடவில்லை. லங்காஷயர் பக்கம் விகன் என்ற சுரங்க ஊர். அங்கே பில்லி ரைலி என்பவர் ஒரு பயிற்சிக்கூடம் வைத்திருந்தார். பாம்புக்குழி என்ற பெயரில் அது பிரபலம். நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை முடித்து வந்தவர்கள் அங்கே உண்மையாகவே ஒருவரையொருவர் முறித்துப் பழகினார்கள். பில்லி ராபின்சன் அங்கிருந்து வந்தவர். கார்ல் காட்ச் அங்கே போய்க் கற்றவர். இருவரும் ஜப்பானுக்குக் கொண்டுபோன பிடிகள்தான் அந்த நாட்டு ரெஸ்லிங்கின் முகத்தை மாற்றின. 1975 டிசம்பரில் ராபின்சனும் ஆன்டோனியோ இனோக்கியும் டோக்கியோவில் அறுபது நிமிஷம் மோதிச் சமனில் முடித்தார்கள். அந்த முடிவும் பேசி வைத்ததே. ஆனால் அதில் பார்க்கிற ஒவ்வொரு பிடியும் சுரங்கத் தொழிலாளிகளிடம் வலித்து வலித்துக் கற்றது. இதைப் பொய் என்ற ஒற்றைச் சொல்லில் எந்த டப்பாவில் போடுவீர்கள்?

*

பிரிட்டனில் 1955 முதல் 1988 வரை ஐடிவி தொலைக்காட்சியில் ரெஸ்லிங் ஓடியது. அதில் இருபது வருஷம் வேர்ல்ட் ஆஃப் ஸ்போர்ட் என்ற நிகழ்ச்சிக்குள், சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு. குடும்பமே உட்கார்ந்து பார்த்தது. அப்புறம் ஏன் நின்றது? பொய் என்று தெரிந்துபோனதால் ஆட்டம் செத்தது என்று ஒரு கதை உண்டு. நம்பாதீர்கள். மெக்மேனஸின் பரம எதிரியாக நடித்த ஜாக்கி பாலோ 1985இல் புத்தகம் எழுதி எல்லா ரகசியத்தையும் போட்டு உடைத்தார். வானம் இடிந்து விழவில்லை. பாட்டிகளுக்கு அது முன்பே தெரியும் என்பதுதான் என் சந்தேகம்.

ஆட்டத்தைக் கெடுத்தது வேறொன்று. எழுபதுகளின் நடுவிலிருந்து ஷெர்லி கிராப்ட்ரீ என்ற பிரம்மாண்டமான மனிதர், பிக் டாடி என்ற பெயரில், மேடையை ஆக்கிரமித்தார். நடத்தியவர் அவருடைய சொந்தத் தம்பி. செயின்ட் மாதிரி ஆட்கள் கட்டிய நுணுக்கம் எல்லாம் ஓரமாகப் போனது. ஆட்டம் என்றால் ஒரு குண்டு மனிதர் வந்து வயிற்றால் மோதுவது என்றாகிவிட்டது. குழந்தைகளுக்குப் பிடித்தது. சீக்கிரமே அலுத்தது. கூடவே தொலைக்காட்சி நிர்வாகத்தின் பார்வையும் மாறியது. இந்த ஆட்டத்துக்கு வருகிறவர்கள் வயசானவர்கள், உழைக்கும் வர்க்கத்தார். விளம்பரதாரர்களுக்கு வேறு ஆட்கள் தேவைப்பட்டார்கள்.

1987 ஆகஸ்டில் கிரேட் யார்மத் என்ற கடற்கரை ஊரில் பிக் டாடி ஒரு ஆட்டத்தின் முடிவில் வழக்கம்போல மால் கர்க் என்பவர் மீது விழுந்தார். கர்க் எழுந்திருக்கவில்லை. அவருக்கு ஏற்கெனவே இதயக் கோளாறு இருந்தது என்று விசாரணையில் தெரிந்தது. கிராப்ட்ரீ மீது குற்றம் இல்லை என்றார்கள். இருக்கலாம். ஆனால் அந்த நிலையில் இருந்த ஒருவர் அன்று ரிங்குக்குள் எப்படி நின்றார்? யார் பரிசோதித்தார்கள்? குத்துச்சண்டையில் இந்தக் கேள்வியைக் கேட்க ஒரு வாரியம் இருந்தது, கட்டாய மருத்துவப் பரிசோதனை இருந்தது. ரெஸ்லிங்கில் அப்படி ஒன்றும் இல்லை. ஏன்னா, அது பொய்தானே.

*

இலக்கிய வாசகர்களிடம் ஒரு தனிப் பிரச்சினை இருக்கிறது. "பொய்தானே" என்று அவர்கள் சொல்ல மாட்டார்கள். ரோலான் பார்த் பெயரைச் சொல்வார்கள். 1957இல் வந்த மித்தாலஜீஸ் நூலின் முதல் கட்டுரையே ரெஸ்லிங் பற்றித்தான். பாரிஸின் ஓரத்து அரங்குகளில் பார்த்ததை வைத்து எழுதினார். இது விளையாட்டு இல்லை, காட்சி. பார்வையாளருக்கு யார் ஜெயிக்கிறார் என்பது முக்கியமே இல்லை. துன்பமும் தோல்வியும் நீதியும் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டப்படுகின்றன. அருமையான கட்டுரை. மறுக்கவில்லை.

ஆனால் பார்த்தைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு உட்காருவதும் ஒரு தப்பித்தல்தான். அவருக்கு ரெஸ்லரின் உடம்பு ஒரு குறி. வலி ஒரு குறி. சரி, குறிக்கு முதுகெலும்பு உண்டா?

ரிங் எப்படிக் கட்டுகிறார்கள் என்று பாருங்கள். இரும்புச் சட்டம், அதன்மேல் மரப்பலகை, மெல்லிய நுரைப் பட்டை, மேலே கித்தான். அவ்வளவுதான். விழக் கற்றுக்கொடுப்பதுதான் முதல் பாடம். தாடையை மார்போடு ஒட்டி வை, மூச்சை விடு, முதுகு முழுசும் ஒரே நேரத்தில் படட்டும், கையை விரித்துத் தரையில் அறை. பம்ப் என்பார்கள். சரியாக விழுந்தாலும் வலிக்கும். தப்பாக விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை. ஒரு இரவில் இருபது தடவை. ஒரு வருஷத்தில் நூறு இரவு. நெஞ்சில் திறந்த கையால் அறைகிறார்களே, அதைப் பொய்யாக அறைய வழியே இல்லை. ஆட்டம் முடிவதற்குள் தோல் ரத்தம் கட்டிச் சிவந்துவிடும்.

விகனுக்குப் பக்கத்து கோல்போர்ன் ஊர்க்காரர் டாம் பில்லிங்டன். டைனமைட் கிட் என்ற பெயரில் ஆடியவர். 1981 ஏப்ரலில் டோக்கியோவில் டைகர் மாஸ்க் என்ற முகமூடி வீரரோடு மோதிய ஆட்டம் பத்து நிமிஷம்கூட இருக்காது. இன்றைக்கும் அதன் வேகம் மூச்சு முட்டவைக்கும். இன்று உலகம் முழுக்க ரெஸ்லர்கள் பறப்பதற்கு அந்த ஆட்டமும் ஒரு காரணம். ஐந்து வருஷம் கழித்து முதுகு போனது. கடைசி இருபது வருஷத்தைச் சக்கர நாற்காலியில் கழித்து, 2018இல் அறுபது வயசில் செத்தார். குறியியல் தெரிந்தவர்கள் அந்த நாற்காலிக்கும் விளக்கம் சொல்லிவிட்டுப் போகலாம். தள்ளிக்கொண்டு போனவர்கள் வேறு யாரோ.

*

1988க்குப் பிறகு பிரிட்டிஷ் ரெஸ்லிங் விடுமுறைக் கடற்கரை முகாம்களிலும் ஊர் மண்டபங்களிலும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கிடந்தது. பத்திருபது வருஷம் கழித்து ஒரு புதுக் கூட்டம் வந்தது. கிளாஸ்கோவில் 2006இல் ஐசிடபிள்யூ. 2010இல் ஈவ் என்ற, பெண்கள் மட்டும் மோதும், பெண்ணிய பங்க் வாடை அடிக்கும் குழு. 2012 மார்ச்சில் லண்டன் இஸ்லிங்டனில் ஒரு ராக் இசை அரங்கில் புராக்ரஸ். அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் மேடை நகைச்சுவையாளர். நிகழ்ச்சிகளுக்கு நாவல் மாதிரி அத்தியாயம் ஒன்று, அத்தியாயம் இரண்டு என்று பெயர். கிழக்கு லண்டன் பெத்னல் கிரீனில் இருக்கும் யார்க் ஹாலில் ரெவ்ப்ரோ. அது 1929இல் கட்டிய, குத்துச்சண்டைக்குப் பேர்போன பழைய அரங்கு.

முதல் தடவை இந்த வீடியோக்களைப் பார்க்கும்போது கவனிக்கவேண்டியது ரிங் இல்லை, கூட்டம். சில நூறு பேர். கையில் பீர். தடுப்பு வேலிக்கும் ரிங்குக்கும் நாலடி. ஒவ்வொரு அறையும் கேட்கிறது. ஒவ்வொருவர் கத்துவதும் ரெஸ்லருக்குக் கேட்கிறது. அவர் பதில் சொல்கிறார். கூட்டம் பாட்டுக் கட்டுகிறது, கால்பந்து மைதானத்தில் பாடுகிற மாதிரி. முடிவு தெரிந்த ஆட்டத்துக்கு ஏன் தொண்டை கிழியக் கத்துகிறார்கள்? கத்துவதும் ஆட்டத்தின் பாதி என்று அவர்களுக்குத் தெரியும். அந்தப் பாதியைச் செய்யத்தான் டிக்கெட் வாங்கி வந்திருக்கிறார்கள்.

அந்த மேடைகளில் வளர்ந்த இருவரை மட்டும் சொல்கிறேன். ஜாக் சேபர் ஜூனியர் கென்ட் மாவட்டத்துக்காரர். ஒல்லி. டிரம்ப் கார்டில் போட்டால் முதல் ரவுண்டிலேயே தோற்பார். ஆனால் விரல், மணிக்கட்டு, கணுக்கால் என்று ஒவ்வொரு மூட்டாகத் தேடிப் பிடித்து முறுக்குவார். செயின்ட்டின் பரம்பரை கண்ணெதிரே தெரியும். வில் ஆஸ்ப்ரே லண்டன் கிழக்கு ஓரத்துப் பையன். அவர் கால் தரையில் படுவதே அபூர்வம். 2015இல் புராக்ரஸ் நடத்திய பதினாறு பேர் போட்டியின் இறுதியில் இந்த இருவரும் மோதினார்கள். ஒருவர் தரையோடு ஒட்டவைக்கப் பார்க்கிறார், இன்னொருவர் பறக்கப் பார்க்கிறார். கதை என்று தனியாக எழுத ஒன்றுமே தேவைப்படவில்லை.

இந்த ஆஸ்ப்ரேயை வைத்தே 2016இல் ஒரு சண்டை வந்தது. அவரும் ரிக்கோஷே என்ற அமெரிக்கரும் டோக்கியோவில் ஆடிய ஆட்டத்தின் ஒரு துண்டு இணையத்தில் பரவியது. ஒருவர் அடிக்க, இன்னொருவர் கரணம் அடித்துத் தப்பிக்க, நடனம்போல் இருந்தது. வேடர் என்ற பழைய அமெரிக்க ராட்சசருக்குக் கோபம் வந்துவிட்டது. இது ஜிம்னாஸ்டிக்ஸ், சண்டை மாதிரியே இல்லை என்று திட்டினார். ரெஸ்லிங்குக்கு உள்ளேயே "பொய்யா தெரியுதே" என்ற குரல்! இதற்கு அந்த உலகம் என்ன செய்தது? ஆகஸ்டில் இருவரையும் யார்க் ஹாலில் மோதவிட்டது. வேடர் ஜெயித்தார். ஒரு அழகியல் விவாதத்தை டிக்கெட் போட்டு மேடையில் நடத்திக் காட்டிவிட்டார்கள். நம்ம இலக்கியச் சண்டைகளில் இவ்வளவு நேர்மையை எங்கே பார்க்கிறீர்கள்?

*

இந்த இடத்தில் இன்னொரு வகை ஆளோடும் சண்டை போட்டாகவேண்டும். இண்டி ரசிகர். டபிள்யூ.டபிள்யூ.இ. வணிகம், குப்பை, சின்ன அரங்குதான் புனிதம், கலை என்கிறவர். "பொய்தானே" என்பவருக்கு இவர் உடன்பிறந்த சகோதரர். அவர் ஆட்டத்தில் நிஜம் இல்லை என்கிறார். இவர் நிஜம் இங்கேதான் இருக்கிறது என்கிறார். இரண்டு பேருமே உள்ளே வேலை செய்கிற மனிதர்களைப் பார்ப்பதில்லை.

2016 நவம்பரில் ஐசிடபிள்யூ கிளாஸ்கோவின் ஹைட்ரோ அரங்கில் ஆறாயிரத்துக்கும் மேல் கூட்டம் சேர்த்தது. இரண்டு மாதம் கழித்து, 2017 ஜனவரியில், டபிள்யூ.டபிள்யூ.இ. பிளாக்பூலில் ஒரு பிரிட்டிஷ் பட்டப் போட்டி நடத்தியது. பத்தொன்பது வயசு டைலர் பேட் ஜெயித்தார். நல்ல ஆட்டக்காரர்கள் பலரும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். தப்பு சொல்ல முடியாது. சின்ன அரங்கில் பெட்ரோல் காசு தேறுவதே பெரும்பாடு. இங்கே மாசச் சம்பளம். முதலில் வெளி மேடைகளிலும் ஆடலாம் என்றார்கள். போகப்போக அது இறுகியது. என்.எக்ஸ்.டி. யூகே என்று தனி நிகழ்ச்சியே தொடங்கினார்கள். 2022இல் அதை மூடி, பலரை வீட்டுக்கு அனுப்பினார்கள். இதில் இண்டி ரசிகரின் கோபம் நியாயம்தான்.

ஆனால் 2020 ஜூனில் நடந்ததற்கு அவரிடம் பதில் கிடையாது. ஸ்பீக்கிங் அவுட் என்ற பெயரில் பிரிட்டிஷ் ரெஸ்லிங்கில் இருந்த பெண்கள், ஆண்கள், பயிற்சிக்கு வந்த இளையவர்கள் வரிசையாகப் பேசத் தொடங்கினார்கள். பாலியல் அத்துமீறல், மிரட்டல், பயிற்சி என்ற பேரில் அடி. பெரிய கம்பெனி, சின்ன கம்பெனி என்ற பேதம் இருக்கவில்லை. புனிதம் என்று கொண்டாடிய மேடைகளிலிருந்தும் பெயர்கள் வந்தன. அரங்கில் அடுத்தவருக்குத் தொல்லை கொடுக்காதே என்பதையே ஒரே விதியாகக் கெட்ட வார்த்தையோடு பெருமையாக அறிவித்த உலகம் இது. மேடைக்குப் பின்னால் அந்த விதி எட்டவில்லை.

நாடாளுமன்ற உறுப்பினர்கள் சிலர், எல்லாக் கட்சியிலிருந்தும், சேர்ந்து விசாரித்து 2021 ஏப்ரலில் ஒரு அறிக்கை வெளியிட்டார்கள். அதன் மையத்தில் இருந்த சிக்கல் என்ன தெரியுமா? ரெஸ்லிங் என்பது விளையாட்டா, நிகழ்த்துகலையா என்று யாரும் முடிவே செய்யவில்லை. விளையாட்டு என்றால் அதற்கு ஒரு வாரியம், பயிற்சியாளருக்குத் தகுதி, பிள்ளைகள் பாதுகாப்புக்கு ஏற்பாடு எல்லாம் இருக்கும். கலை என்றால் நாடகத் துறையின் ஏற்பாடுகள் இருக்கும். ரெஸ்லிங் இரண்டுக்கும் நடுவில் பொத்தென்று விழுந்துவிட்டது. யார் வேண்டுமானாலும் ஒரு கொட்டகையில் ரிங் போட்டு, பதினைந்து வயசுப் பிள்ளைகளைச் சேர்த்து, "நான் வாத்தியார்" என்று சொல்லிக்கொள்ளலாம். பயிற்சிப் பள்ளிகளை விளையாட்டாக நடத்துங்கள், அதற்கான பொறுப்புகளைக் கொடுங்கள் என்று அறிக்கை கேட்டது.

"பொய்தானே" என்று சிரித்துவிட்டுப் போவது எங்கே போய் நிற்கிறது என்று இப்போது தெரிகிறதா? விளையாட்டுக்காரர்கள் "அது பொய், எங்க ஆள் இல்லை" என்றார்கள். கலைக்காரர்கள் "அது குஸ்தி, எங்க ஆள் இல்லை" என்றார்கள். நாம் சோபாவில் உட்கார்ந்து அதையே ஜோக்காகச் சொன்னோம். கவனிக்கத் தகுதியில்லாதது என்று ஊர் முடிவு கட்டிய இடத்தில் என்ன நடந்தாலும் கேட்க ஆள் இருக்காது. வேட்டையாடுகிறவர்களுக்கு அதைவிட வசதியான இடம் எது?

பிரிட்டனில் பதினாறு, பதினேழு வயசுப் பிள்ளைகளிடம் பொறுப்பில் இருப்பவர்கள் பாலுறவு வைத்தால் குற்றம் என்ற சட்டம் ஆசிரியர்கள் போன்றவர்களுக்கு முன்பே இருந்தது. 2022இல் அதை விளையாட்டுப் பயிற்சியாளர்களுக்கும் நீட்டினார்கள். அதில் விளையாட்டு என்பதற்கு எழுதிய விளக்கத்தில், போட்டிக்காகவோ காட்சிக்காகவோ செய்யும் உடற்பயிற்சியும் அடங்கும் என்று வருகிறது. போட்டிக்காகவோ, காட்சிக்காகவோ. யார் ஜெயிப்பது என்று முன்பே பேசி வைத்தார்களா என்று சட்டம் கேட்கவில்லை. ஒரு பிள்ளையின் உடம்பு ஒரு பெரியவரின் பொறுப்பில் இருக்கிறதா என்று மட்டும் கேட்கிறது. சட்டம் எழுதும் குமாஸ்தாக்களுக்குப் புரிந்தது, உலக சினிமா பார்க்கும் நமக்கு இன்னும் புரியவில்லை.

*

அப்படியென்றால் இதை ஏன் பார்க்கணும், விட்டுத் தொலைக்கலாமே என்று கேட்கலாம். சினிமாவில் நடந்தது தெரிந்த பிறகு சினிமாவை விட்டோமா? சங்கீத சபாக்களில் நடந்தது தெரிந்த பிறகு பாட்டுக் கேட்பதை விட்டோமா? கேட்கும்போது கூடவே சில கேள்விகளையும் கேட்கக் கற்றுக்கொண்டோம். அந்த மரியாதையை இதற்கும் கொடுங்கள் என்றுதான் சொல்கிறேன். மரியாதை கொடுக்கிற இடத்தில்தான் கணக்கும் கேட்க முடியும்.

பார்க்கத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு வரிசை. முதலில் செயின்ட், கிரே. பதினைந்து நிமிஷம் மணிக்கட்டை மட்டும் பாருங்கள். பிறகு ராபின்சன், இனோக்கி, 1975. அறுபது நிமிஷமும் உட்கார முடியாவிட்டால் கடைசி இருபது. பிறகு டைனமைட் கிட், டைகர் மாஸ்க், 1981. அதற்கப்புறம் சேபரும் ஆஸ்ப்ரேயும் சின்ன அரங்குகளில் ஆடியது எதுவாக இருந்தாலும் சரி. ஈவ் குழுவின் ஆட்டங்களில் இரண்டாவது பாருங்கள். கூட்டத்தில் யார் நிற்கிறார்கள், யாருக்காகக் கத்துகிறார்கள் என்று ஒப்பிட்டால் நிறைய புரியும். காசு கொடுத்துப் பார்க்க முடிந்தால் அந்தந்தக் குழுவிடமே கொடுத்துப் பாருங்கள். திருட்டுப் பிரதியின் மிச்சம் ரெஸ்லருக்குப் போகாது.

பார்க்கும்போது கேட்கவேண்டியவை வேறு. இந்த அடியை யார் வாங்குகிறார், எப்படி வாங்குகிறார்? எதிராளியின் கழுத்தை அவர் எவ்வளவு பத்திரமாகத் தரையில் இறக்குகிறார்? கொல்லப்போவதுபோல் தூக்குகிற அதே கை, தலைக்குக் கீழே ஒரு நொடி முன்னால் போய் நிற்பது தெரிகிறதா? இவருக்கு இன்றைக்கு என்ன கூலி? நாளைக்கு முட்டி போனால் யார் பார்ப்பார்கள்? இவருக்கு யார் கற்றுக்கொடுத்தார், அப்போது இவருக்கு என்ன வயசு?

இந்தக் கேள்விகளோடு பார்த்த பிறகும் பிடிக்கவில்லை என்றால் சொல்லுங்கள், உட்கார்ந்து பேசலாம். அலுப்பாக இருக்கிறது என்று சொல்லலாம். கொடூரமாக இருக்கிறது என்று சொல்லலாம். அதற்கெல்லாம் வாதம் இருக்கிறது, எதிர்வாதமும் இருக்கிறது. சண்டைக்கே வாங்க. "பொய்தானே பாஸ்" என்று மட்டும் ஆரம்பிக்காதீங்க.